பலாப்பழம் உடைத்த பின்கண்ணாடி

கார் கண்ணாடி வேலை பார்ப்பவர்களுக்கென்று எங்கள் மாவட்டத்தில் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. போன மாதம் அதில் ஒருவர் கேட்டிருந்தார்: பழைய கார் ஒன்றுக்குப் பின்கண்ணாடி எங்குமே கிடைக்கவில்லை, பாலிகார்பனேட் ஷீட் போடலாமா என்று. போடலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள், கூடவே கூடாது என்று பாதிப் பேர். போட்டுப் பார்த்தவர் ஒருவரும் அதில் இல்லை. “நான் போட்டிருக்கிறேன்” என்று ஒரு வரி எழுதினேன். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல என் தொண்டை தாங்காது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

என் பெயர் உலகம்மாள். தென்காசியில் கோமதிநாயகம் அண்ணாச்சியின் கண்ணாடிக் கடையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம் நின்றேன். சேர்ந்தது பில் எழுதத்தான். குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டில் எல்லோரும் வயல் வேலைக்காரர்கள். நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்ததென்று அம்மாவுக்கு ஒரே பெருமை. அந்த நிழல் மூன்று வருஷம்தான் நிலைத்தது.

மூன்றாவது வருஷம் சீசன் நேரத்தில், கண்ணாடி பொருத்துகிற இரண்டு பேரும் ஒரே கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். குற்றாலத்துக்கு வந்த வேன் ஒன்று முன்கண்ணாடி நொறுங்கி வாசலில் நின்றது. உள்ளே குழந்தைகுட்டிகளோடு ஒரு குடும்பம், வெளியே சாரல். அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

“உலகு, பேனாவ வச்சிட்டு இங்கன வா. கயிறு இழுக்கணும்.”

அந்தக் காலத்து முன்கண்ணாடி ரப்பர் பீடிங்கில் உட்காரும். பீடிங்கின் பள்ளத்தில் சுற்றிலும் ஒரு கயிற்றைச் செருகி, இரண்டு நுனியையும் வண்டிக்குள் தொங்கவிட வேண்டும். வெளியே ஒருவர் உள்ளங்கையால் கண்ணாடியை அமுக்க, உள்ளே ஒருவர் கயிற்றை இழுத்துக்கொண்டே வர வேண்டும். கயிறு வர வர, ரப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டி உள்பக்கம் மடிந்துகொள்ளும். அவசரப்பட்டு இழுத்தால் ரப்பர் கிழியும். தயங்கினால் கண்ணாடி கோணும். அவர் கை எந்த இடத்தில் அமுக்குகிறதோ அதற்கு நேராக என் கயிறு வந்தது. அடுத்த வாரம் பில் எழுத வேறு ஆள் வந்தாயிற்று. சேலைக்கு மேல் ஒரு காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு நான் பட்டறைப் பக்கம் போனேன். முழு வேலையும் கைக்கு வர நாலு வருஷம் ஆயிற்று. அதைச் சொல்லி உங்கள் பொழுதைப் போக்கப் போவதில்லை.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கண்ணாடிப் பசைக்கு நடுவில் நாள் முழுக்க நிற்பவர், ஆனால் சட்டை மட்டும் எப்போதும் வெள்ளை. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வேலை சரியாக இருந்தால் ஒன்றும் பேசாமல் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். சரியில்லை என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “நல்லாத்தான் இருக்கு” என்பார். வண்டிக்காரர் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். நாங்கள் மறுபேச்சில்லாமல் கண்ணாடியைக் கழற்றத் தொடங்குவோம். வண்டிக்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே.

இப்போது அந்தச் சிவப்புக் காருக்கு வருகிறேன். எட்டு வருஷம் இருக்கும். ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. கடை திறந்த கையோடு, முழங்கால் உயரத்தில் ஒரு கார் வந்து நின்றது. இரண்டே பேர் உட்காரக்கூடியது. முன் விளக்குகள் மூடிக்குள்ளே படுத்திருந்து, சுவிட்சைப் போட்டால் எழுந்து பார்க்கும். இந்தப் பக்கம் அப்படி ஒரு வண்டியை நாங்கள் பார்த்ததே இல்லை. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் இறங்கினார். கூடவே பலாப்பழ வாசமும் இறங்கியது.

அவர் பெயர் வத்சலா. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில், புனலூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்துபவர். முந்தின நாள் ஐந்தருவிக்குக் குளிக்க வந்து, காரை ஒரு பலாமரத்தடியில் விட்டிருக்கிறார்.

“குரங்கு மேலே இருந்நு சக்கையக் கடிச்சிருக்கு. சக்கை நேரே கண்ணாடி மேலே. நான் குளிச்சு வந்நப்போ கண்ணாடியும் இல்லா, சக்கையும் பாதி இல்லா. நாலு குரங்கு உள்ளே இருந்நு தின்னுது.” அவர்கள் ஊரில் சக்கை என்றால் பலாப்பழம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

கண்ணாடி முழுதாக இல்லாமல் போகவில்லை. அது பின்பக்கம் முழுவதையும் மூடுகிற, வளைந்து சரிந்த பெரிய கண்ணாடி. டஃபன் வகை, அடி விழுந்தால் கற்கண்டு மாதிரி பொடியாகும். ஆனால் உள்பக்கம் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தது. போலீஸ் பார்த்தால் அபராதம் போடுகிற அந்த ஃபிலிம்தான், இடது பக்கம் பலாப்பழம் விழுந்த ஓட்டை போக, மிச்சப் பொடியை எல்லாம் பிடித்து வைத்திருந்தது.

அண்ணாச்சி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் சென்னை, கோயம்புத்தூர், கொச்சி என்று தெரிந்த இடமெல்லாம் கேட்டோம். அந்தக் கம்பெனி அந்தக் கண்ணாடியை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. டீச்சருக்கு அது முன்பே தெரியும். அந்தக் காரை அவருடைய அண்ணன் வளைகுடாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தாராம். அண்ணன் இறந்த பிறகு வீட்டில் யாருக்கும் அது வேண்டாம். இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஓடுகிறவரை வைத்துக்கொள், நின்றுவிட்டால் கொடுத்துவிட வேண்டும் என்று கணவரோடு ஒப்பந்தம். கொல்லத்தில் ஒருவர் பிரித்து விற்பதற்காகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

“மழைக்காலத்தில பின்னால் திறந்நு கிடந்நா ஒரு மாசத்தில துரு பிடிச்சுப் போகும். இந்த மாசக் கடைசிக்குள்ளே ஏதாவது செய்யணும். இல்லெங்கில் அந்த ஆளை வரச் சொல்லணும்.” இப்போது அவர் சிரிக்கவில்லை.

போர்டு எழுதும் கடைகளில் பாலிகார்பனேட் ஷீட்டை நான் பார்த்திருந்தேன். சுத்தியலால் அடித்தாலும் உடையாது. “அண்ணாச்சி, அதுல போட்டுப் பாப்பமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம்.”

“ஏன் அண்ணாச்சி?”

“இந்த வண்டி நூறுல போகும். நம்ம ஒட்டுனது பிய்ச்சிட்டுப் பறந்தா யாரு மேல விழும்? பின்னால பைக்குல வாரவன் மேல. அவன் யாருன்னே நமக்குத் தெரியாது. அவனுக்கு என்ன பதில் சொல்லுவ?”

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் டீச்சர் காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்ற விதம் என்னை விடவில்லை. “பறக்காத மாதிரி போட்டாப் போதும்ல?” என்றேன். அண்ணாச்சி மறுபடி ஒருமுறை காரைச் சுற்றி வந்தார்.

“செய்யி. ஆனா அந்த ஒடஞ்ச கண்ணாடிய உடனே எடுத்துராத. வடிவம் அதுலதான் இருக்கு.”

இதை எழுதும்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்: அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் வேலையே நடந்திருக்காது. உதிர்த்துப்போட்டிருந்தால் வளைவு எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? வலது பாதி நன்றாக இருந்தது. ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாக மெல்லிய பிளைவுட் துண்டுகளை அந்தப் பாதியின் மேல் நிறுத்தி, பென்சிலால் வளைவை வாங்கி, வெட்டி, மறுபடி வைத்துப் பார்த்து, வெளிச்சம் தெரியாத அளவுக்கு அரத்தால் ராவினேன். வலது பக்கம் எப்படியோ அப்படியேதான் இடதும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஜோடி வெட்டித் திருப்பி வைத்தேன். இரண்டு நாளில் படகின் விலா எலும்பு மாதிரி ஒரு கூடு தயாராகிவிட்டது. அதன் பிறகுதான் பழைய கண்ணாடியைக் கழற்றினேன். ஃபிலிமோடு பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு வந்தது.

முதல் ஷீட்டில் நான் சோம்பேறித்தனம் செய்தேன். ஐந்து மில்லி கனம்தானே, கையால் அமுக்கினாலே வளைகிறதே என்று, சூடு காட்டாமல் அப்படியே வளைத்து, சட்டத்தில் ஸ்க்ரூ வைத்து முடுக்கிவிட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது. பென்சில் கோடும் பிசுக்கும் போக, பழக்க தோஷத்தில் தின்னரைத் தொட்டுத் துடைத்தேன்.

மத்தியானம் அண்ணாச்சி வந்தார். கையைப் பின்னால் கட்டினார். “நல்லாத்தான் இருக்கு” என்றார்.

கிட்டே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு ஸ்க்ரூ துளையிலிருந்தும் தலைமுடி மாதிரி விரிசல்கள் கிளம்பியிருந்தன. சாயங்காலத்துக்குள் ஒரு மூலை கையோடு வந்துவிட்டது. ஷீட் கொடுத்த திருநெல்வேலிக் கடைக்காரருக்குப் போன் போட்டால், “தின்னரா போட்டீங்க?” என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். சூடு காட்டாமல் வளைத்தால் அது எந்நேரமும் நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்குமாம். அந்த நிலையில் தின்னரும் பெட்ரோலும் பட்டால் அதற்கு விஷம். சோப்புத் தண்ணீர் தவிர வேறு எதுவும் ஆகாது. முறையாகச் செய்வதென்றால் ஓவனில் வைத்து, இளகினதும் அச்சின் மேல் படுக்க வைக்க வேண்டும்.

கார் பின்கண்ணாடி நுழைகிற ஓவனுக்கு எங்கே போவது? எங்கள் ஊரிலேயே இருந்தது. குத்துக்கல்வலசையில் இசக்கிமுத்து என்பவர் இரும்பு கேட்டுக்கும் பீரோவுக்கும் பவுடர் கோட்டிங் அடித்துச் சூட்டில் வேக வைக்கும் பட்டறை வைத்திருந்தார். பீரோவே நிமிர்ந்து நிற்கிற ஓவன். சிறு வயதிலிருந்து தெரிந்தவர், எனக்குத் தம்பி முறை. விஷயத்தைச் சொன்னதும், “யக்கா, ஞாயித்துக்கிழம பட்டற லீவு. நீங்க பணியாரம் சுட்டாலும் எனக்கு ஆட்சேபன கெடையாது” என்றார்.

பிளைவுட் கூட்டின் மேல் மெல்லிய தகரம் அடித்து, ஃபால்ஸ் சீலிங் போடுகிறவரிடமிருந்து பிளாஸ்டர் வாங்கிப் பூசி, வழவழப்பாகத் தேய்த்து, மேலே ஃப்ளானல் துணி விரித்தேன். அதுதான் அச்சு. இரண்டாவது ஷீட்டை ஓவனில் வைத்தோம். நூற்று அறுபது டிகிரியைத் தாண்டியதும், விறைப்பாக இருந்த ஷீட் ஈர வேட்டி மாதிரி தொங்க ஆரம்பித்தது. கதவைத் திறந்தால், ஷீட் முழுக்கச் சின்னச் சின்னக் குமிழ்.

“அப்பளமாப் பொங்கிட்டுல்லா” என்றார் இசக்கிமுத்து.

இரண்டு ஷீட் போயிற்று. மாசம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அன்றைக்கு எனக்குப் பெரிய வருத்தம். அண்ணாச்சி வேண்டாம் என்றபோதே பேசாமல் இருந்திருக்கலாம், இல்லாத நம்பிக்கையை ஒரு மனுஷிக்குக் கொடுத்துவிட்டோமே என்று இருந்தது. மறைக்காமல் டீச்சருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் வருத்தப்படுவார் என்று பார்த்தால், பாடம் நடத்துகிறவர் மாதிரி கேள்வி கேட்டார்.

“சாரமில்ல, உலகம்மே.” பரவாயில்லை என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். “குமிழ் மேலேயா, உள்ளேயா?”

“உள்ளதான் டீச்சர்.”

“ஷீட்டை எங்கே வச்சிருந்தது?”

“பட்டற வாசல்ல. சாரல்ல ஒரு வாரமா நிக்கி. மேல ஒட்டுன கவர் பிரிக்கவே இல்லயே.”

“அது தண்ணி குடிச்சிருக்கு. கவர் இருந்நாலும் காத்துல உள்ள ஈரத்தை உள்ளே வாங்கும். சூடு வந்நப்போ அந்த ஈரம் ஆவியாயிட்டு வெளியே வர வழி இல்லாம குமிழாச்சு. முதல்ல குறைஞ்ச சூட்டில நல்லா உணக்கணும். பிறகு தணிய விடாம அப்படியே சூட்டைக் கூட்டணும்.”

இசக்கிமுத்து ஒரு வேலை நாளை எங்களுக்காக விட்டுக்கொடுத்தார். மூன்றாவது ஷீட்டின் கவரைப் பிரித்துவிட்டு, நூற்று இருபதில் ஒரு பகலும் இரவும் காய விட்டோம். மறுநாள் காலை அதை வெளியே எடுக்காமலே சூட்டைக் கூட்டினோம். தொங்கியது. குமிழ் இல்லை. ஆளுக்கு இரண்டு கையுறை மாட்டிக்கொண்டு, நானும் அவரும் நாலு மூலையையும் பிடித்து அச்சின் மேல் விரித்தோம். விரித்த பிறகு இழுக்கக் கூடாது, தட்டக் கூடாது. தன் கனத்திலேயே அது போய் உட்கார்ந்தது. மின்விசிறியைக்கூட அணைத்துவிட்டுத் தானாக ஆற விட்டோம். ஆறின பிறகு தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். அந்தப் பக்கம் நின்ற இசக்கிமுத்தின் மூக்கு, மூக்கு இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது.

செய்யப் போகிறவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். விளிம்பை நைசான பல் உள்ள பிளேடால் வெட்டி, சொரசொரப்புப் போக ராவிவிடுங்கள். விரிசல் அங்கேதான் பிறக்கும். வெயிலில் இது கண்ணாடியைவிட நிறைய விரியும், அதனால் துளை ஸ்க்ரூவைவிடப் பெரிதாக இருக்கட்டும். ரப்பர் வாஷர் போட்டு, இறுக்காமல் முடுக்குங்கள். புளித்த காடி வாசம் அடிக்கிற சிலிக்கான் ஆகாது. அந்த வாசம் இல்லாத வகை தனியாக உண்டு. உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும். பின்கண்ணாடியில் பனி போக்கும் கம்பி இருந்திருந்தால் அது இனிமேல் இல்லை என்று வண்டிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முன்கண்ணாடிக்கு இதை நினைத்தே பார்க்காதீர்கள். பின்னால் போடுவதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போடுங்கள்; நாங்கள் கேட்டோம்.

ஷீட்டைக் காரில் மாட்டி முடித்ததும், டீச்சர் ரயிலில் செங்கோட்டை வரை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கடைக்கு வந்தார். காரைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். சாவியை எடுத்துக் கொடுக்கப் போனேன்.

“ஓட்டிப் பாக்காமக் குடுக்காத” என்றார் அண்ணாச்சி.

ஓடும்போது ஷீட் அதிர்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரே வழி, சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் படுத்துக்கொள்வது. நான் குள்ளம். காக்கிச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு ஏறி மல்லாந்து படுத்தேன். கடையில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. கண்ணாடி ஏற்றுகிற வேனின் சாவியை ஆணியிலிருந்து எடுத்தார்.

“நீங்க எங்க அண்ணாச்சி?”

“பின்னால வாரவன் மேல விழும்னு சொன்னேம்லா. அந்தப் பின்னால வாரவனா நானே வாரேன். நீ பயப்படாமப் பாரு.”

மூன்று வருஷம் பில் எழுதி, முப்பத்தைந்து வருஷம் கண்ணாடி பொருத்தினேன். அதில் அவர் எனக்குச் சொன்ன வார்த்தைகளில் இதைவிடப் பெரியது ஒன்றும் இல்லை.

செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை போகிற ரோட்டில், இரண்டு பக்கமும் வயல் வருகிற இடத்தில் டீச்சர் வேகம் எடுத்தார். பக்கத்துக் கண்ணாடிகள் இரண்டையும் இறக்கச் சொன்னேன். காற்று உள்ளே புகுந்து ஷீட்டை வெளியே தள்ளப் பார்க்கும். அதுதான் கடினமான சோதனை. இரண்டு உள்ளங்கையையும் ஷீட்டில் வைத்துக்கொண்டேன். தென்னந்தலைகளும் மேகமும் என் விரல்களுக்கு மேலே ஓடின. அறுபதில் ஒன்றும் இல்லை. எழுபதைத் தொட்டதும் இடது பக்க நடுவில் தவில் மாதிரி ஒரு சத்தம். கை கூசியது. ஸ்கெட்ச் பேனாவால் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டேன்.

“திருப்புங்க டீச்சர்” என்று கத்தினேன். பின்னால் வேன், விடாமல் அதே இடைவெளியில் வந்துகொண்டிருந்தது.

கடைக்குத் திரும்பி, உள்பக்கம் மேலிருந்து கீழே இரண்டு மெல்லிய அலுமினியப் பட்டைகளை ரப்பர் வைத்துப் பொருத்தினேன். பிற்பகல் மறுபடி கிளம்பினோம். மறுபடி நான் மல்லாந்து படுத்தேன், மறுபடி வேன் பின்னால். எழுபது, எண்பது, தொண்ணூறு என்று டீச்சர் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். நூறு என்றார். என் உள்ளங்கையில் எஞ்சினின் லேசான நடுக்கம் தவிர எதுவும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. படுத்திருந்ததால் கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குப் போயிற்று.

புளியரையில் ஒரு டீக்கடை ஓரம் காரை நிறுத்தினார். நான் இறங்கி இடுப்பை நிமிர்த்துவதற்குள் அவர் பக்கத்துச் சீட்டுக்கு மாறி உட்கார்ந்துவிட்டார்.

“நீ ஓட்டு, உலகம்மே.”

எனக்கு லைசென்ஸ் உண்டு. கடைக்காக எடுத்தது. எத்தனையோ விலை உயர்ந்த வண்டிகளில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் முதல் கியரில்தான். ரோட்டிலிருந்து பட்டறைக்கு, பட்டறையிலிருந்து ரோட்டுக்கு. “வேண்டாம் டீச்சர், ஒடச்சிப்புடுவேன்” என்றேன்.

“உடைஞ்சா நீதானே சரியாக்கணும். கேறு.”

ஏறினேன். சீட் தரையோடு தரையாக இருந்தது. முதல் கியர் எனக்குத் தெரிந்ததுதான். இரண்டாவது போட்டேன். மூன்றாவது போட்டபோது கார் என்னைக் கேட்காமலே முன்னால் பாய்ந்தது. வலது பக்கம் மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. டீச்சர், “இனியும், இனியும்” என்று வேகத்தைக் கூட்டச் சொல்லிக்கொண்டே இருந்தார். நாலாவது கியர் போட்டுவிட்டு, வழக்கம்போலத் தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்தேன். நான் வார்த்த ஷீட்டின் வழியாகப் பின்னால் ரோடு முழுவதும் தெரிந்தது. எங்கேயும் நெளியவில்லை. அந்த ரோட்டின் கடைசியில் கடை வேன் சிறிதாகிக்கொண்டே போயிற்று. அதற்குள்ளே அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டை. மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று அவர் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார்.